முற்றிய கிளாக்கோமாவில் விழித்திரைப் படம் எதைக் காட்டும்?

முற்றிய கிளாக்கோமா உள்ள ஒரு கண்ணுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்த ஓசிடி ஸ்கேன் அறிக்கைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், பல சமயம் எண்கள் அசையாமலே இருக்கும். நரம்பிழை அடுக்கின் சராசரித் தடிமன் 54 மைக்ரான், அடுத்த முறை 55, பிறகு 53, மறுபடியும் 54. படத்தில் வட்டத்தின் எல்லாப் பகுதிகளும் முன்பும் சிவப்பு, இப்போதும் சிவப்பு. நோய் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் அதே காலத்தில் அந்த நோயாளிக்குப் புத்தகத்தில் ஒரு வரியை முடித்து அடுத்த வரியின் தொடக்கத்தைப் பிடிப்பது சிரமமாகிக்கொண்டே வந்திருக்கலாம். கருவி சரியாகத்தான் அளந்திருக்கிறது. அது அளந்த இடத்தில்தான் இழப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. நோயின் கடைசிக் கட்டத்தில் எந்த அடுக்கை, விழித்திரையின் எந்தப் பகுதியில், எத்தனை மாத இடைவெளியில் படம் எடுப்பது என்ற முடிவு, மீதமிருக்கும் பார்வையைக் காப்பாற்றும் வேலையின் பாதி.

கிளாக்கோமாவில் சாவது விழித்திரையின் கேங்க்ளியான் செல்கள். ஒரு கண்ணில் இவை ஏறத்தாழ 10 முதல் 12 லட்சம் வரை இருக்கும். ஒவ்வொரு செல்லிலிருந்தும் ஒரு நீண்ட இழை கிளம்பி, விழித்திரையின் உட்பரப்பை ஒட்டி ஓடி, பார்வை நரம்புத் தட்டில் மற்ற இழைகளோடு சேர்ந்து கண்ணை விட்டு வெளியேறி மூளைக்குப் போகிறது. கண்ணின் உள் அழுத்தம் அந்த நரம்பு தாங்கக்கூடிய அளவைத் தாண்டும்போது, தட்டின் வழியே வெளியேறும் இடத்தில் இழைகள் நசுங்கிச் சேதமாகின்றன. பிறகு அவற்றின் தாய்ச்செல்களும் மடிகின்றன. அழுத்தம் சராசரி வரம்புக்குள் இருப்பவர்களுக்கும் இது நடப்பதுண்டு. போன செல் திரும்ப வராது. ஆகவே படத்தில் அளக்கக்கூடியவை மூன்று: நரம்புத் தட்டின் விளிம்பு, தட்டைச் சுற்றி ஓடும் நரம்பிழை அடுக்கு, விழித்திரையின் மையப் பகுதியான மாகுலாவில் குவிந்திருக்கும் கேங்க்ளியான் செல்களின் அடுக்கு. நோயின் தொடக்கத்தில் முதல் இரண்டும் நன்றாகவே போதும். முற்றிய கட்டத்தில் மூன்றாவதுதான் கைகொடுக்கிறது.

எந்த நிலையை முற்றிய நிலை என்பது? மருத்துவர்கள் அதிகம் பயன்படுத்தும் வரையறை பார்வைப் புலப் பரிசோதனையை, அதாவது கிளினிக்கில் ‘ஃபீல்டு டெஸ்ட்’ என்று சொல்லப்படுவதை, அடிப்படையாகக் கொண்டது. அதே வயதுள்ள நல்ல கண்ணோடு ஒப்பிட்டுக் கிடைக்கும் சராசரிக் குறைவு 12 டெசிபலைத் தாண்டினால் நோய் முற்றிவிட்டது என்று கொள்ளப்படுகிறது. சராசரி அவ்வளவு மோசமாக இல்லாவிட்டாலும், பார்வையின் நடுப்புள்ளியை ஒட்டி இழப்பு வந்துவிட்டால் அந்தக் கண்ணையும் இதே கவலையோடுதான் பார்க்க வேண்டும். படிப்பது, முகம் அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அந்த நடுப்பகுதியின் வேலை.

பார்வையை நேரடியாக அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் இருக்கும்போது படம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அந்தப் பரிசோதனையில் நோயாளி கிண்ணம் போன்ற திரைக்குள் நடுவிளக்கையே பார்த்தபடி இருக்க வேண்டும். எங்காவது ஒளிப்புள்ளி மின்னினால் பொத்தானை அழுத்த வேண்டும். வழக்கமான 24-2 முறையில் 54 இடங்கள் சோதிக்கப்படுகின்றன. நல்ல கண்ணில் ஓர் இடத்தை இரண்டு நாள் சோதித்தால் விடை சில டெசிபல் மட்டுமே மாறும். சேதமான இடத்தில் அப்படி இல்லை. ஒளி உணர்திறன் ஏறக்குறைய 15 டெசிபலுக்குக் கீழே இறங்கிவிட்டால், இன்று ஓர் எண்ணும் அடுத்த மாதம் அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறோர் எண்ணும் வரும். மீதமிருக்கும் சில செல்கள் ஒளியை எவ்வளவு கூட்டினாலும் அதற்கேற்பக் கூடுதலாகப் பதில் தர இயலாத நிலையில் இருப்பதே இதற்குக் காரணம். அதனால் முற்றிய கண்ணின் ஃபீல்டு டெஸ்ட் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். அதில் எது நோய், எது அன்றைய களைப்பு என்று பிரிக்க நான்கைந்து பரிசோதனைகள் தேவைப்படும். அதற்குள் இரண்டு ஆண்டு ஓடிவிடும். நடுப்பார்வை மட்டும் மிஞ்சியிருக்கும் ஒருவருக்கு இரண்டு ஆண்டு நீண்ட காலம்.

24-2 முறைக்கு இன்னொரு குறையும் உண்டு. அதன் புள்ளிகள் ஆறு பாகை இடைவெளியில் இருப்பதால், நடுவிலிருந்து 10 பாகைக்குள் 12 புள்ளிகள் மட்டுமே விழுகின்றன. இன்னும் நெருக்கி 8 பாகைக்குள் பார்த்தால் நான்கே நான்கு. விழித்திரைப் பரப்பில் இந்தப் பகுதி 2 சதவீதம்கூட இல்லை. ஆனால் கண்ணின் கேங்க்ளியான் செல்களில் சுமார் 30 சதவீதம் இங்கேதான் இருக்கின்றன. இவ்வளவு செறிவான இடத்தை நான்கு புள்ளிகளால் கண்காணிப்பது போதவே போதாது.

ஓசிடி, அதாவது ஆப்டிகல் கொஹெரன்ஸ் டோமோகிராபி, இந்தச் சூழலில் வந்து சேர்ந்த கருவி. டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ, எரிக் ஸ்வான்சன் உள்ளிட்ட குழு 1991-இல் ‘சயன்ஸ்’ இதழில் அதை முதன்முதலாக விவரித்தது. இந்த மூவருக்கும் 2023-இல் லாஸ்கர் விருது கிடைத்தது. அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியைக் கண்ணுக்குள் செலுத்தி, ஒவ்வோர் ஆழத்திலிருந்தும் திரும்பி வரும் ஒளியை ஒரு குறிப்பொளியோடு சேர்த்து, அந்தக் குறுக்கீட்டிலிருந்து ஆழத்தைக் கணக்கிடுவதுதான் அடிப்படை. கண்ணைத் தொட வேண்டியதில்லை, சாயம் செலுத்த வேண்டியதில்லை. 2002 வாக்கில் வந்த கருவி நொடிக்கு 400 கோடுகள் எடுத்தது. அடுத்த தலைமுறைக் கருவிகள் பல்லாயிரம் கோடுகளுக்குத் தாவின. ஆழத்தில் 5 மைக்ரான் அளவுக்கு நுட்பம் வந்த பிறகுதான் மாகுலாவின் மெல்லிய அடுக்குகளைத் தனித்தனியாகப் பிரித்து அளப்பது அன்றாட வேலையானது.

இந்தக் கருவியில் கிளாக்கோமாவுக்கு நிலையான அளவாக நெடுங்காலம் இருந்து வருவது நரம்பிழை அடுக்கின் தடிமன். நரம்புத் தட்டைச் சுற்றிச் சுமார் 3.4 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்தின் மேல் அடுக்கு எவ்வளவு தடிமன் என்று கருவி அளக்கிறது. நல்ல கண்ணில் சராசரி 90 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். நோய் வளர வளர இறங்கும். ஆனால் பூஜ்யம் வரை இறங்காது. இழைகள் எல்லாம் போன பிறகும் அங்கே ரத்தக் குழாய்கள் இருக்கின்றன, இழைகளுக்கு முட்டுக்கொடுத்து நின்ற கிளையா திசு இருக்கிறது. வற்றிய ஏரியில் அளவுகோல் சேற்றில் ஊன்றி நிற்பது போல, கருவி அந்த மிச்சத்தையும் தடிமனாகவே அளந்து சொல்கிறது. கருவிக்குக் கருவி சற்று மாறினாலும் இந்த அடிமட்டம் 50 முதல் 60 மைக்ரான் வரை. முதல் பத்தியில் சொன்ன 54-உம் 55-உம் அந்த மட்டத்தின் எண்கள். அதற்குப் பிறகு எத்தனை முறை எடுத்தாலும் அதே எண்தான் வரும்.

அடிமட்டத்தைத் தொடுவதற்கு முன்பேகூட இந்த அளவு மந்தமாகிவிடுகிறது. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஃபீல்டு டெஸ்டின் டெசிபல் மடக்கை அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் குறைவும் உணர்திறன் பாதியாவதைக் குறிக்கும். 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். ஸ்கேன் தரும் மைக்ரானோ நேரடி அளவு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஹூட் 2007-இல் முன்வைத்த எளிய மாதிரி இந்த இரண்டையும் இப்படி இணைக்கிறது: தடிமனில் ஒரு பகுதி எப்போதும் மாறாத மிச்சத் திசு, மற்றது நரம்பிழைகள், அது உணர்திறனோடு சேர்ந்து அதே விகிதத்தில் குறையும். அடிமட்டம் 50 மைக்ரான், அதற்கு மேல் உயிருள்ள இழைகள் 45 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இடத்தில் 3 டெசிபல் போனால் 45-இல் பாதி, அதாவது 22 மைக்ரானுக்கும் மேல் காணாமல் போகும். எந்தக் கருவியும் அதைத் தவறவிடாது. ஏற்கெனவே 10 டெசிபல் இழந்த இடத்தில் மிச்சம் 4.5 மைக்ரான்தான். அங்கே இன்னொரு 3 டெசிபல் போனால் ஸ்கேனில் தெரியும் மாற்றம் 2 மைக்ரானைச் சற்றே தாண்டும். ஒரே கண்ணை ஒரே வாரத்தில் இரண்டு முறை அளந்தால் சராசரித் தடிமனிலேயே 4 மைக்ரான் வரை ஏற்ற இறக்கம் வரக்கூடும். 2 மைக்ரான் அதற்குள் மறைந்துபோகும். நோயாளிக்கோ மீதமிருந்த பார்வையில் பாதி போயிருக்கும். முற்றிய கண்ணில் ‘ஸ்கேன் அப்படியேதான் இருக்கிறது’ என்ற ஆறுதலை இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.

அதனால்தான் கவனம் மாகுலாவுக்கு நகர்ந்தது. விழித்திரையின் மற்ற இடங்களில் கேங்க்ளியான் செல்கள் பெரும்பாலும் ஒற்றை வரிசையாகப் பரவியிருக்கும். மாகுலாவில் மட்டும் நடுக்குழியைச் சுற்றி ஒரு வளையமாக, ஐந்தாறு அடுக்குவரை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருக்கும். குழியின் நடுவில் செல்லே கிடையாது. அங்கே விழும் ஒளிக்குப் பதில் சொல்லும் செல்கள் வெளிப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கின்றன. இந்த வளையம் தடிமனாக இருப்பதால் இழப்பதற்கு நிறைய இருக்கிறது, அதனால் அளப்பதற்கும் நிறைய இருக்கிறது. பெரும்பாலான கண்களில் நோய் இதைக் கடைசியாகத்தான் முழுதாகத் தின்று தீர்க்கிறது. நரம்பிழை அடுக்கின் சராசரி அடிமட்டத்தைத் தொட்டுவிட்ட கண்ணிலும் மாகுலாவின் ஒரு பகுதி, குறிப்பாக நடுவுக்கும் நரம்புத் தட்டுக்கும் இடைப்பட்ட பகுதி, ஓரளவு நல்ல தடிமனோடு நிற்பதைப் பார்க்கலாம். நோயாளி இன்னும் எழுத்தைப் படிப்பது அந்தப் பகுதியின் தயவில். அதை விட்டுவிட்டு, போய்விட்ட இழைகளை அளந்துகொண்டிருப்பதில் பயனில்லை.

மாகுலா முழுவதும் ஒரே போலப் பாதுகாப்பாக இருப்பதாகவும் நினைத்துவிடக் கூடாது. அதன் கீழ்ப்பாதியில் காதுப் பக்கமாக இருக்கும் பகுதியிலிருந்து கிளம்பும் இழைகள் நரம்புத் தட்டின் கீழ்ப்புறத்தில், எளிதில் சேதமாகும் இடத்தில் போய்ச் சேர்கின்றன. அதனால் அந்தப் பகுதி மெலிவது சிலருக்கு நோயின் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். விழித்திரையில் உருவம் தலைகீழாக விழுவதால், கீழ்ப்பாதி போனால் பார்வையில் நடுவுக்கு நேர்மேலே ஓர் இருட்டுப் பட்டை வரும். முற்றிய கட்டத்தில் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் வெவ்வேறு நிலையில் இருப்பது சகஜம். ஒட்டுமொத்தச் சராசரியைப் பார்ப்பதைவிடப் பகுதி பகுதியாகப் பார்ப்பது ஏன் முக்கியம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

மாகுலாவில் எதை அளப்பது என்பதில் கருவிகளுக்குள் வேறுபாடு உண்டு. சில கருவிகள் கேங்க்ளியான் செல் அடுக்கையும் அதற்குக் கீழே செல்கள் ஒன்றோடொன்று இணையும் உள் பின்னல் அடுக்கையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தருகின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை படத்தில் மங்கலாக இருப்பதால் சேர்த்து அளப்பது சுலபம். நல்ல கண்ணில் இது சுமார் 80 மைக்ரான். சில கருவிகள் மேலே ஓடும் நரம்பிழைகளையும் கூட்டி மூன்றடுக்குத் தொகுப்பாகத் தருகின்றன. கேங்க்ளியான் அடுக்கை மட்டும் தனியாகப் பிரித்துத் தருபவையும் உண்டு. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் அதற்கும் ஓர் அடிமட்டம் உண்டு. சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் மிக முற்றிய கண்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தனர். நரம்புத் தட்டின் விளிம்பையும் நரம்பிழை அடுக்கையும்விட, மாகுலாவின் இந்தச் செல்லடுக்கில்தான் அடிமட்டத்தைத் தொடாமல் மாறிக்கொண்டிருக்கும் பரப்பு அதிகமாக இருந்தது.

இதே கேள்வியை நீண்டகாலமாகத் தொடர்ந்தது லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யூசிஎல்ஏ ஸ்டைன் கண் நிலையத்தின் ஆய்வு. குரோஸ் நூரி-மஹ்தவி தலைமையிலான அந்தக் குழு, நடுப்பார்வை பாதித்த அல்லது நோய் முற்றிய கண்களைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாகுலா ஸ்கேனும் 10-2 ஃபீல்டு டெஸ்டும் எடுத்து வந்தது. 10-2 என்பது நடுவிலுள்ள 10 பாகைக்குள் 2 பாகை இடைவெளியில் 68 புள்ளிகளைச் சோதிக்கும் முறை. ஸ்கேன் தரப்பில் அவர்கள் பயன்படுத்திய முறையில் 30 பாகை அகலம், 25 பாகை உயரத்துக்கு 61 கிடைக்கோடுகள் எடுக்கப்படும். அந்தப் பரப்பின் நடுப்பகுதி 3 பாகைச் சதுரங்களாக, 8-க்கு 8 என 64 கட்டங்களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு கட்டமும் ஆண்டுக்கு எவ்வளவு மெலிகிறது என்று தனித்தனியாகக் கணக்கிடலாம். ஒட்டுமொத்தச் சராசரியில் மூழ்கிப்போகும் ஒரு சின்ன இடத்தின் வேகமான இழப்பு இந்தக் கட்டங்களில் பிடிபட்டுவிடும்.

கட்டம் சின்னதாகச் சின்னதாக அளவுப் பிழை பெரிதாகும் என்பது இதன் மறுபக்கம். 64 கட்டங்களைச் சோதித்தால் தற்செயலாகவே இரண்டு மூன்று கட்டங்கள் ‘மோசமாகிவிட்டது’ என்று காட்டும். இதைச் சமாளிக்க அந்தக் குழு ஒவ்வொரு கட்டத்தையும் தனியாக விடாமல், ஒரே கண்ணின் மற்றக் கட்டங்களோடும் மற்ற நோயாளிகளின் போக்கோடும் சேர்த்து மதிப்பிடும் பேய்சியன் புள்ளியியல் முறைகளை உருவாக்கியது. கிளினிக்கில் இதற்குச் சமமான எளிய விதி, ஒட்டிய கட்டங்கள் சேர்ந்து மெலிந்தால் நம்புவது, எங்கோ தனித்து நிற்கும் ஒற்றைக் கட்டத்தை அடுத்த ஸ்கேன் வரை காத்திருந்து பார்ப்பது. இழைகள் ஓடும் வளைவு வழியை ஒட்டி மெலிவு படர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

மாற்றம் என்று எதைச் சொல்வது என்பதற்கு இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, முதலில் எடுத்த இரண்டு ஸ்கேன்களை அடிப்படையாக வைத்து, பிறகு வருவது அளவுப் பிழையின் வரம்பைத் தாண்டிக் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது. இன்னொன்று, எல்லா ஸ்கேன்களையும் கால வரிசையில் புள்ளியிட்டு, அவற்றின் ஊடே ஒரு சாய்கோடு வரைந்து, ஆண்டுக்கு எத்தனை மைக்ரான் என்று வேகத்தைக் கணக்கிடுவது. முற்றிய நோயில் இரண்டாவது வழியே மேல். இழப்பு ஆண்டுக்கு 1 மைக்ரான், அளவுப் பிழை 3, 4 மைக்ரான் என்றால் ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் ஒன்றுமே சொல்லாது. ஆறு மாதத்துக்கு ஒன்றாக மூன்று ஆண்டு எடுத்த ஏழு படங்கள் சொல்லும். தொடக்கத்தில் இரண்டு மூன்று ஸ்கேன்களை நெருக்கமாக எடுத்து வைத்துக்கொண்டால் சாய்கோட்டின் அடித்தளம் உறுதியாகும். நோயே இல்லாதவருக்கும் வயது ஏறும்போது நரம்பிழை அடுக்கு ஆண்டுக்கு அரை மைக்ரான் அளவில் மெலியும் என்பதை இந்த வேகத்திலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களை இந்தக் கட்டத்தில் மறந்துவிடுவது நல்லது. அந்த நிறங்கள் ஒரு கண்ணை அதே வயதுள்ள நலமானவர்களின் தரவோடு ஒப்பிட்டுப் போடப்படுபவை. நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அவை உதவும். நோய் வளர்கிறதா என்பதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. முற்றிய கண்ணில் 70-இலிருந்து 62-க்கு இறங்கினாலும் சிவப்பு சிவப்பாகவேதான் இருக்கும். பார்க்க வேண்டியவை மைக்ரான் எண்களும் அவற்றின் வரிசையும்தான்.

எண்ணுக்கு முன் படத்தைப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் எண்ணை நம்புவதால் வரும் தவறுகள் முற்றிய நோயாளிகளிடம்தான் அதிகம். நடுப்பார்வை சிதைந்தவரால் கருவிக்குள் தெரியும் குறியை நிலையாகப் பார்க்க முடியாது. அதனால் ஸ்கேன் குழியின் நடுவில் விழாமல் விலகும். விலகிய படத்தை முந்தைய படத்தோடு ஒப்பிட்டால், வளையத்தின் தடிமனான பகுதிக்குப் பதில் மெல்லிய பகுதி கணக்கில் வந்து, இல்லாத இழப்பு தெரியும். கண்புரை வளர்ந்தால் படம் மங்கி சமிக்ஞை வலிமை குறையும், அடுக்கு மெலிந்தது போல எண் வரும். புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதே அடுக்கு ‘தடித்துவிடும்’. அறிக்கையின் மூலையில் அச்சாகும் சமிக்ஞை எண்ணை முந்தைய அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நொடி போதும். மெலிந்த அடுக்குகளில் எல்லையைக் கருவியின் மென்பொருள் தவறாகப் பிடிப்பதும் உண்டு. குறுக்குவெட்டுப் படத்தில் மென்பொருள் வரைந்த கோடு ஓரிடத்தில் திடீரென அடுத்த அடுக்குக்குள் குதித்தால் அந்தக் கட்டத்தின் எண் செல்லாது. மாகுலாவின் மேல் மெல்லிய சவ்வு வளர்ந்து அதை இழுத்துச் சுருக்குவது வயதானவர்களிடம் சாதாரணம். அப்போது அடுக்கு செயற்கையாகத் தடித்துவிடும், அடியில் நடக்கும் இழப்பு தெரியாது. அதிகக் கிட்டப்பார்வை உள்ள நீண்ட கண்களில் பெரும்பாலான எண்கள் தொடக்கத்திலிருந்தே குறைவாக இருக்கும்.

அழுத்தம் குறைக்கும் அறுவை சிகிச்சை நடந்த கண்ணுக்கு இன்னொரு எச்சரிக்கை. அழுத்தம் மிகவும் இறங்கிவிட்டால் மாகுலாவில் மடிப்பு விழலாம், நீர் கோத்துக்கொள்ளலாம். நரம்புத் தட்டின் குழிவு ஓரளவு மேலெழுந்து விளிம்பு தடித்தது போலக் காட்டலாம். இதில் எதுவும் செல்கள் மீண்டு வந்ததற்கு அடையாளம் ஆகாது. அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த ஸ்கேன்களைப் பழைய கணக்காக மூடிவிட்டு, கண் அடங்கிய பிறகு புதிய அடிப்படை ஸ்கேன்களிலிருந்து எண்ணத் தொடங்குவதே முறை. கருவியை மாற்றினாலும் இதே கதை. ஒரு நிறுவனத்தின் கருவி தந்த 62 மைக்ரானையும் இன்னொன்று தந்த 58 மைக்ரானையும் பக்கத்தில் வைத்து நான்கு மைக்ரான் போய்விட்டது என்று சொல்லக் கூடாது. மருத்துவமனையை மாற்றும் நோயாளி பழைய அறிக்கைகளைத் தூக்கிப்போடாமல் வைத்திருப்பதோடு, எந்தக் கருவியில் எடுத்தது என்ற விவரத்தையும் வைத்திருப்பது மிகுந்த உதவி.

அடுக்குகளின் தடிமனுக்கு அடுத்து வந்தது ரத்தக் குழாய்களைப் படமெடுப்பது. ஓசிடி ஆஞ்சியோகிராபி ஒரே இடத்தைச் சட்டென்று திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து, இரண்டு படங்களுக்கிடையே அசைந்தது எது என்று பார்க்கிறது. அசையும் ரத்த அணுக்கள் மட்டும் தெரிவதால் சாயமே இல்லாமல் நுண்குழாய்களின் வலை கிடைத்துவிடுகிறது. செல்கள் குறையக் குறைய அந்த வலையும் அடர்த்தி குறையும். சான் டியேகோ குழுவின் 2019 ஆய்வில், முற்றிய கண்களில் மாகுலாவின் குழாய் அடர்த்திக்குத் தெளிவான அடிமட்டம் எதுவும் தெரியவில்லை. தடிமன் எண்கள் நின்ற பிறகும் அது இறங்கிக்கொண்டிருந்தது. இது பெரிய நம்பிக்கை தருவதுதான். ஆனால் ஒரே கண்ணை மறுமுறை அளக்கும்போது வரும் ஏற்ற இறக்கம் தடிமனைவிடக் குழாய் அடர்த்தியில் அதிகம். படத்தின் தரம் கொஞ்சம் குறைந்தாலும் அடர்த்தி குறைந்ததாகக் காட்டிவிடும். முற்றிய நோயாளி ஆடாமல் அசையாமல் பார்ப்பது கடினம் என்பதால் நல்ல படம் கிடைப்பதும் சிரமம். இப்போதைக்கு மாகுலா தடிமனுக்குத் துணையாக இதை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மாற்றாக வைக்க முடியாது.

இவ்வளவு மெனக்கெட்டு வேகத்தைக் கணக்கிடுவது எதற்கு? கிளாக்கோமாவில் மருத்துவர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அழுத்தத்தைக் குறைப்பது. எவ்வளவு குறைப்பது என்பதை இழப்பின் வேகம்தான் முடிவு செய்கிறது. அமெரிக்காவில் நடந்த, ஏஜிஐஎஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் முற்றிய கிளாக்கோமா ஆய்வின் 2000-ஆம் ஆண்டு அறிக்கையில், எல்லாப் பரிசோதனைகளிலும் 18 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே அழுத்தம் இருந்த கண்களில் ஆறு ஆண்டுகளுக்கு மேலும் பார்வைப் புலம் சராசரியாக மாறவில்லை. அந்தக் கண்களின் சராசரி அழுத்தம் 12.3. அதனால் முற்றிய கண்ணுக்கு 12-ஐ ஒட்டிய இலக்கை வைப்பது வழக்கமானது. சராசரி நிற்பதால் ஒவ்வொரு கண்ணும் நின்றுவிடும் என்று பொருளில்லை. 12-இலும் இழந்துகொண்டே போகும் கண்கள் உண்டு, 16-இலேயே நிலைத்து நிற்கும் கண்களும் உண்டு. எந்தக் கண் எந்த வகை என்பது அந்தக் கண்ணின் சாய்கோட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

பிரிட்டனில் 453 நோயாளிகளைக் கொண்டு நடந்த டேக்ஸ் ஆய்வு 2021-இல் வெளியானது. கண்டறியும்போதே நோய் முற்றியிருந்தவர்களில் ஒரு பாதிக்கு நேரடியாக டிராபெக்யுலெக்டமி என்ற அழுத்தம் குறைக்கும் அறுவை சிகிச்சை, மறுபாதிக்குச் சொட்டு மருந்து. இரண்டு ஆண்டு முடிவில் சராசரி அழுத்தம் அறுவை சிகிச்சைப் பிரிவில் 12.4, மருந்துப் பிரிவில் 15.1. அந்த நேரத்தில் இரு பிரிவினரின் வாழ்க்கைத் தரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே மருந்தில் தொடங்கிய நோயாளியை எப்போது அறுவை சிகிச்சைக்கு நகர்த்துவது என்ற முடிவு கண்காணிப்பைப் பொறுத்தே அமைகிறது. மாகுலாவின் நடுவை நோக்கி மெலிவு படர்வது அந்த நேரம் வந்துவிட்டதைக் காட்டும் அறிகுறிகளில் ஒன்று.

நம் பகுதியில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை கிளாக்கோமா ஆய்வு, 40 வயதுக்கு மேற்பட்டோரில் திறந்த கோண வகை நோய் கிராமப்புறத்தில் 1.62 சதவீதம், சென்னை நகரில் 3.51 சதவீதம் என்று கண்டது. அப்படிக் கண்டறியப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தமக்கு நோய் இருப்பது அதுவரை தெரியாது. வலியும் இல்லாமல், நடுப்பார்வையும் கெடாமல் வளரும் நோய் என்பதால், முதல் முறை மருத்துவரிடம் வரும்போதே முற்றிய கட்டத்தில் வருபவர்கள் பலர். தொடக்க நிலைக்கு வகுத்த கண்காணிப்பு முறைகளையே அவர்களுக்கும் அப்படியே பின்பற்றினால், முதல் நாளிலிருந்தே அடிமட்டத்தைத் தொட்டுவிட்ட எண்களைத்தான் சேகரித்துக்கொண்டிருப்போம். முதல் வருகையிலேயே மாகுலா ஸ்கேனும் 10-2 பரிசோதனையும் எடுத்து வைப்பது இவர்களுக்கு அத்தியாவசியம்.

ஸ்கேனும் 10-2-உம் ஒன்றையொன்று சரிபார்க்க உதவும். ஆனால் படத்தில் ஒரு கட்டம் மெலிந்த அதே இடத்தில் பார்வையின் இழப்பைத் தேடக் கூடாது. நடுக்குழியை ஒட்டிய செல்கள் தாம் சேவை செய்யும் ஒளியுணரிகளிலிருந்து வெளிப்பக்கம் தள்ளி இருப்பதால், அந்த விலகலைக் கணக்கில் எடுத்துப் புள்ளிகளை நகர்த்திப் பொருத்த வேண்டும். மேலும் கீழும் தலைகீழ் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே இடத்தை ஒரே திசையில் காட்டினால், தனித்தனியாகச் சந்தேகத்துக்கிடமான மாற்றம்கூட நம்பத்தகுந்ததாகிவிடும். ஒன்று மட்டும் காட்டி மற்றது காட்டாவிட்டால் இரண்டையும் சீக்கிரமே மறுபடி எடுக்க வேண்டும். முற்றிய கண்ணில் ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்பது சரியான பதில் ஆகாது.

மாகுலாவின் அடுக்கும் அடிமட்டத்தைத் தொட்டுவிடும் கண்கள் உண்டு. வளையம் முழுவதும் மெலிந்து, நடுவில் ஒரு சிறு தீவு போலப் பார்வை மிஞ்சியிருக்கும். அங்கே தடிமன் எண்களைத் தொடர்ந்து எடுப்பதில் பயன் குறைவு. அப்போது பார்வையையே நேரடியாக அளப்பதற்குத்தான் திரும்ப வேண்டும். 10-2 முறையில் வழக்கமான ஒளிப்புள்ளிக்குப் பதிலாகப் பரப்பில் 16 மடங்கு பெரிய ஐந்தாம் அளவுப் புள்ளியைப் பயன்படுத்தினால், சேதமான இடங்களிலும் ஏற்ற இறக்கம் குறைந்த விடை கிடைக்கும். எழுத்துப் பலகையில் எத்தனை வரி படிக்கிறார், மங்கலான எழுத்தை எவ்வளவு பிடிக்கிறார் என்பதும், மாடிப்படி இறங்குவதில், பாத்திரத்தில் நீர் ஊற்றுவதில் புதிதாக வந்த சிரமம் என்ன என்று நோயாளியும் வீட்டாரும் சொல்வதும் அந்த நிலையில் ஸ்கேனைவிட அதிகம் பயன்படும். அழுத்தத்தை மட்டும் எல்லா வருகையிலும் தவறாமல் அளக்க வேண்டும். ஓசிடி எடுப்பதை முழுதாக நிறுத்தவும் கூடாது. அந்தக் கட்டத்தில் அது நோயின் வேகத்தைச் சொல்லாது. ஆனால் திடீரென்று பார்வை குறைந்தால் அதற்குக் காரணம் மாகுலாவில் கோத்த நீரா, இழுக்கும் சவ்வா, கிளாக்கோமாதானா என்று பிரித்துக் காட்டும். முதல் இரண்டுக்கும் தனிச் சிகிச்சை உண்டு.